ஓட்ஸ் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

போன ஆடி மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் இலவசமாக உடல் பரிசோதனை செய்தார்கள். இலவசம் என்றால் நான் ரத்தம்கூடக் கொடுப்பேன், கொடுத்தேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் நல்ல பிள்ளை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாளி. உள்ளேயும் போகாமல் தெருவிலும் இறங்காமல் நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். எடை 82.4 கிலோ. இடுப்பளவு எடுத்த பையன், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க என்னை ஒரு பிரதட்சிணம் வந்தான். 98 சென்டிமீட்டர். நம்மூர் ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டுமாம்.

டாக்டர் அதிகம் பேசவில்லை. “வெளிச் சாப்பாட்டைக் குறைங்க சார். வீட்டுல செஞ்சதைச் சாப்பிடுங்க” என்றார். அவ்வளவுதான். பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் நான் இருபத்தேழு வருஷமாகக் கோப்புகளில் குறிப்பு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு சுற்றறிக்கையில் எனக்கு வசதியான அர்த்தம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். ‘வெளி’ என்றால் ஓட்டல். பாக்கெட் என்பது வீட்டுக்குள் வந்து, வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுப்பட்டு, வீட்டு அடுப்பில் வீட்டுத் தண்ணீரில் கொதிக்கிறது. ஆகவே அது வீட்டுச் சாப்பாடு. படி இறங்கும்போதே முடிவாகிவிட்டது.

அன்று மாலையே ஆதம்பாக்கத்தில் எங்கள் தெரு முனையில் உள்ள சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். மசாலா ஓட்ஸ் ஒரு பெட்டி, மூஸ்லி, ‘மல்டிகிரெய்ன்’ பிஸ்கட் நாலு, எண்ணெயில் பொரிக்காத ராகி சிப்ஸ், காய்கறி சூப் பாக்கெட் ஆறு, பழம் கலந்த தயிர்க் கோப்பைகள், டயட் மிக்சர். ‘டயட்’, ‘மிக்சர்’ என்ற இரண்டு சொற்களும் ஒரே உறையில் எப்படிச் சண்டையில்லாமல் இருக்கின்றன என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பில் 2,340 ரூபாய்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. விடைத்தாளைப் பார்ப்பதுபோல் பில்லை மேலிருந்து கீழே பார்த்தாள். “இதுக்கு இருபது நாள் காய் வாங்கலாமே” என்றாள்.

“உனக்கு எதுக்குத் தனிச் சமையல் கஷ்டம்? இனிமே என் சாப்பாட்டை நானே பார்த்துக்கறேன்” என்றேன். பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு பெருந்தன்மையாக நான் எதுவும் சொன்னதில்லை. அவளும் அதை நம்பவில்லை.

முதல் ராத்திரி மசாலா ஓட்ஸ். மூன்று நிமிடம் என்று போட்டிருந்தது. மூன்றாவது நிமிடத்தில் அது கஞ்சி. நான்காவது நிமிடத்தில், போன் அடித்ததென்று நான் கூடத்துக்குப் போய்வந்தபோது, தேர்தல் சுவரொட்டி ஒட்டும் பசை. அதில் பட்டாணி என்று ஒன்று மிதந்தது. உயிரோடு இருந்த காலத்தில் பட்டாணியாக இருந்திருக்கலாம். நாற்பது கிராம் என்பது என் உள்ளங்கைக்குக்கூடப் போதவில்லை என்பதால் இன்னொரு பாக்கெட்டையும் பிரித்தேன். அதற்கு மேல் ஒரு குவளை சூப்.

கூடத்தில் மனைவியும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புழுங்கலரிசிச் சாதம், முருங்கைக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். நான் ஒரு துறவியைப்போல் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்ஸை விழுங்கினேன்.

பத்தரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் சாதம் மிச்சம் இருந்தது, மோரும் இருந்தது, நாரத்தங்காய் ஊறுகாயும் இருந்தது. நின்றபடி, விளக்குப் போடாமல், பாத்திரத்திலேயே பிசைந்து தின்றேன். விளக்குப் போடாமல் தின்பது கணக்கில் வராது என்பது என் நீண்டகால நம்பிக்கை. விளக்கு எரிந்தது. வாசலில் மனைவி நின்றிருந்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில். மருந்துச் சீட்டில் சந்தேகம் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டாள்:

“ஏங்க, டாக்டர் அந்த ஓட்ஸை சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிடச் சொன்னாரா, பின்னாடியா?”

மறுநாள் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து போனில் பேசினாள். ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, ஓட்ஸ் என்றால் என்ன என்று விளக்கினேன். தானியம், தண்ணீரில் கொதிக்க வைப்பது, உப்புப் போட்டுக் குடிப்பது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “எய்யா, காய்ச்சலா அடிக்கி? எங்கிட்ட மறைக்காத” என்றாள். அவளுக்குத் தெரிந்து நல்ல உடம்போடு இருக்கிற ஆம்பிளை ராத்திரி கஞ்சி குடிக்கமாட்டான். காய்ச்சல் இல்லை என்று நம்பவைக்கப் பத்து நிமிடம் ஆனது. கடைசிவரை முழுக்க நம்பவில்லை. அந்த வாரம் திருப்பரங்குன்றத்துக்கு ஏதோ நேர்ந்துகொண்டாள் என்று பிற்பாடு தெரிந்தது.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. இதில் நான் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாக்கெட்டின் ருசிக்காக நான் அதை வாங்கவில்லை. அது தரும் அனுமதிக்காக வாங்கினேன். சாதாரண பிஸ்கட் என்றால் இரண்டில் மனசாட்சி உறுத்தும். ‘மல்டிகிரெய்ன்’ என்று மேலே எழுதியிருந்தால் ஐந்தாவதை எடுக்கும்போதும் ஒரு வைத்தியம் நடக்கிற மாதிரி இருக்கும். அலுவலகத்தில் நாலு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி வரும். எல்லோரும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்வார்கள். நான் கை கூப்பி மறுத்துவிட்டு ராகி சிப்ஸ் உறையைப் பிரிப்பேன். உறையின் அடியில் தூள் தட்டுப்படும்போதுதான் முழுதும் தின்றுவிட்டேன் என்று தெரியும். பக்கத்து இருக்கைக்காரர் தன் இரண்டாவது பஜ்ஜியை இன்னும் முடித்திருக்கமாட்டார். பஜ்ஜிக்கு முன்னால் எனக்கு இருந்த பயம் சிப்ஸிடம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் அளவும் இல்லை.

எடை மிஷினும் வாங்கினேன். டிஜிட்டல். வீட்டில் எந்த இடத்தில் வைத்தால் எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு நில அளவையே நடத்தினேன். கூடத்தில் 83.6. படுக்கையறையில் 83.5. குளியலறை வாசலில், மொசைக் தரை கொஞ்சம் சாய்ந்திருக்கும் இடத்தில், 83.2. அதற்குப் பிறகு அதிகாரபூர்வமாக நான் குளியலறை வாசலில் மட்டுமே எடை பார்த்தேன். புரட்டாசி முடியும்போது அந்தச் சாய்ந்த தரையிலேயே 84.1 காட்டியது.

மிஷின் பழுது என்றேன். என் மகள் கல்லூரியில் முதல் வருஷம். மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த பிஸ்கட் உறையைக் கையில் எடுத்தாள். “அப்பா, இதோட பின்பக்கம் படிச்சிருக்கீங்களா?”

பின்பக்க எழுத்து எறும்பு ஊர்ந்த அளவில்தான் இருந்தது. என் மூக்குக்கண்ணாடிக்கும் அது எட்டவில்லை. அவள் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முதலில் சுத்திகரித்த கோதுமை மாவு, அதாவது மைதா. அடுத்து சர்க்கரை. மூன்றாவது பாமாயில். பிறகு வரிசையில் நடுவே, அடைப்புக்குறிக்குள், ஓட்ஸ், கேழ்வரகு, கம்பு, சோளம், பார்லி. ஐந்தும் சேர்த்து 6 சதவீதம். முன்பக்கத்தில் ஆளுயரக் கதிராக நின்ற தானியங்கள் பின்பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையின் ‘மற்றும் உற்றார் உறவினர்’ வரியில் இருந்தன. அதன் பிறகு சர்க்கரை வேறு வேறு வேஷத்தில் வந்தது: இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின். சர்க்கரை என்ற பெயரில் ஒரே வரியாகப் போட்டிருந்தால் அது முதலிடத்துக்கு மைதாவோடு மல்லுக்கட்டியிருக்கும். பெயரைப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே போய்விடுகிறது. கோப்பில் செலவினத்தை நாலு தலைப்பில் பிரித்துக் காட்டுகிற வித்தை. நானே செய்திருக்கிறேன்.

சூப் இன்னும் மோசம். சோடியம், ‘ஒரு பரிமாறலுக்கு’ 560 மில்லிகிராம் என்று இருந்தது. பரவாயில்லையே என்றேன். “ஒரு பாக்கெட்ல எத்தனை பரிமாறல்னு பாருங்கப்பா” என்றாள். நாலு. அந்த நாலு பேரும் நான்தான். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் கணக்கு வரும். 2,240 மில்லிகிராம் சோடியம் என்றால் ஐந்தரை கிராமுக்கு மேல் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது. நான் அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் பசியைத் தூண்டுவதற்காகக் குடித்திருக்கிறேன். பசி என்னிடம் தூண்டாமலேயே நன்றாக எரியக்கூடியது.

இந்த இடத்தில் அறிவியல் கொஞ்சம் ஆறுதல் சொல்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இருபது பேரை ஒரு மாதம் அங்கேயே தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். இரண்டு வாரம் ஆலையில் பக்குவம் செய்த உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறினார்கள். சமைத்த உணவு வாரங்களில் ஏறக்குறைய அதே அளவு இறங்கினார்கள். ஆலை உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள் என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. படித்ததும் அந்த இருபது பேரும் என் பங்காளிகள் என்று தோன்றியது.

வேகம் பற்றிய விஷயம் எனக்கு உடனே புரிந்தது. முருங்கைக்காயை யாராலும் அவசரமாகத் தின்ன முடியாது. ஒரு துண்டை எடுத்து, நடுவில் பிளந்து, பல்லால் வழித்து, சக்கையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்கு வருவதற்குள் வயிறு தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறது. மீன் குழம்பும் அப்படித்தான். நாக்கு முள்ளைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். மூஸ்லிக்கும் ஓட்ஸுக்கும் பல்லே தேவையில்லை. பல் இல்லாத எங்கள் தாத்தா ஒரு கிண்ணத்தை இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பார்.

சரி, இனி சமையல் என்று முடிவெடுத்தேன். நானே. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எதைச் சமைப்பது என்று யோசித்து, சர்க்கரைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வதால் வாழைப்பூ வாங்கிவந்தேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தாள். பிறகு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அந்த மௌனத்துக்கு அர்த்தம் பத்து நிமிடத்தில் தெரிந்தது.

வாழைப்பூ ஒரு கோப்பு மாதிரி. ஒரு மடலைத் திறந்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு பூக்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பூவுக்குள்ளும் தீக்குச்சி மாதிரி தலை தடித்த ஒரு நரம்பு, அதற்குக் கள்ளன் என்று பெயர், வேகாது. கூடவே கண்ணாடிக் காகிதம் போல ஒரு செதில், அதுவும் வேகாது. இரண்டையும் ஒவ்வொரு பூவிலிருந்தும் உருவி எறிய வேண்டும். எறிந்துவிட்டு அடுத்த மடல். அங்கேயும் அதே பன்னிரண்டு பேர். கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. நறுக்கியதை மோர்த் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும் என்பதும், அது கறுத்த பிறகே தெரிந்தது. ஒன்றேகால் மணி நேரம். விரல்கள் தேர்தல் மை வைத்த மாதிரி ஆகிவிட்டன, பத்தும். அத்தனை பெரிய பூ வாணலியில் வதங்கி வதங்கி மூன்று பேருக்கு ஆளுக்கு ஒன்றரைக் கரண்டி ஆயிற்று. அதுவும் அடிப்பிடிக்கக் கூடாது என்று நான் ஊற்றிய எண்ணெயும், ருசிக்கட்டும் என்று துருவிய அரைமூடித் தேங்காயும் சேர்த்து. வீட்டில் செய்தது என்பதற்காக எண்ணெய் என்மேல் இரக்கப்படுமா?

மகள் ஒரு வாய் போட்டுவிட்டு, “அப்பா, ரெண்டு கள்ளன் தப்பிச்சுட்டான்” என்றாள்.

அன்று பாத்திரம் தேய்க்கும்போதுதான் டாக்டரின் வாக்கியம் ஞாபகம் வந்தது. ‘வீட்டுல செஞ்சது.’ அதில் எழுவாய் இல்லை. அலுவலகத்தில் ‘ஆவன செய்யப்பட்டது’ என்று எழுதும்போது யார் செய்தார் என்று நாங்கள் சொல்லாமல் விடுவோமே, அந்த மாதிரி. பத்தொன்பது வருஷமாக என் வீட்டில் காலை ஐந்தேகாலிலிருந்து ஆறே முக்காலுக்குள் ஒரு குழம்பு, ஒரு பொரியல், மூன்று டப்பா டிபன் ‘செய்யப்பட்டு’ வந்திருக்கிறது. செய்தவள் ஏழரைக்குப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடிக்கிறாள். “சும்மா ஒரு பொரியல் போதும்மா” என்று நான் வாரத்துக்கு மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். சும்மா!

பாக்கெட் உணவைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எழுவாயை விட்டுவிட்டுத்தான் திட்டுகிறார்கள். பாட்டி காலத்தில் எல்லாம் வீட்டிலேயே அரைத்தார்கள் என்று பெருமூச்சு விடும் என் நண்பர் ஒருவர், ஆட்டுக்கல்லைக் கையால் தொட்டவர் இல்லை. எங்கள் தெருவில் கடை மாவு வாங்குவதைக் குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு என்று பேசும் ஆண்களில் கிரைண்டர் கழுவிய கையை நான் இன்னும் பார்க்கவில்லை. அரிசி, உளுந்து, உப்பு மட்டும் போட்டு அரைத்த மாவு கடையில் வந்தால் என்ன, அது மாவுதான். பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மோன்டீரோ உணவை நாலு வகையாகப் பிரித்தார். அவர் நாலாவது வகையில் ஒதுக்கிவைப்பது, வீட்டுச் சமையலறையில் இருக்கவே முடியாத சேர்மானங்களால் ஆலையில் கட்டியெழுப்பிய உணவை. பாக்கெட்டில் வருகிற எல்லாமும் அதில் சேராது. என் மனைவி மால்டோடெக்ஸ்ட்ரினை எந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் என்று நான் அஞ்சறைப் பெட்டி உட்பட எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கு 17 உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது லேபிளைப் படியுங்கள் என்பதையும் அதில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில், 1918-இல், ஒரே ஓர் அறையில். ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். தவிடு முழுக்கப் போகும்படி தீட்டிய அரிசியையே நம்பிச் சாப்பிட்டவர்களைப் பிடித்த நோய் அது. நெல்லைப் புழுக்கிக் குத்தினால் தவிட்டில் இருக்கும் தயமின் கொஞ்சம் அரிசிக்குள்ளேயே தங்கிவிடும். பாட்டிமார்கள் பெயர் தெரியாமலேயே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளையாக இருந்தால் உசத்தி என்று மில் சொன்னதை நம்பியதுதான் நம் வீட்டுக்குள் நுழைந்த முதல் ‘மல்டிகிரெய்ன்’ பிஸ்கட் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இப்போதைய நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் ராத்திரி காய் நறுக்கி வைப்பது என் வேலை. பீன்ஸை ஒரே அளவில் நறுக்க இன்னும் வரவில்லை; சில துண்டுகள் முறுக்குப் பிழியும் அளவுக்குப் பொடியாகவும் சில தாயக்கட்டை போலவும் வருகின்றன. முருங்கைக்கீரை வாங்கினால் ராத்திரியே துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுகிறேன்; காலையில் உதறினால் பாதி இலை தானே உதிர்ந்துவிடுகிறது. இட்லி மாவு கடையில் வாங்குகிறோம், கிரைண்டரைப் பரணில் ஏற்றிவிட்டோம். என் தட்டில் பொரியல் இரண்டு பங்கு, சாதம் ஒரு பங்கு. மூஸ்லியை அம்மா வந்திருந்தபோது புறாவுக்குப் போட்டுவிட்டாள். புறாக்கள் திராட்சையை மட்டும் எடுத்துக்கொண்டன. எடை நேற்று 82.0, கூடத்தில் வைத்துப் பார்த்தது. ஆறு மாதத்தில் நானூறு கிராம் குறைத்திருக்கிறேன்.

பிஸ்கட்டை மட்டும் விடவில்லை. அலுவலக மேஜையின் மூன்றாவது இழுப்பறையில், 2011 தணிக்கைக் கோப்புக்கு அடியில் இருக்கிறது. ஐந்து தானியமும் சேர்த்து 6 சதவீதம். தெரிந்துதான் தின்கிறேன்.